தாய்மாமன் பெயர் வரும் இடம்

ஆமத்தூரில் மணிமுத்து வீடு எது என்று கேட்டால் முன்பெல்லாம் ஒரு எதிர்க்கேள்வி வரும். "எந்த மணிமுத்து? வெம்பக்கோட்டையில குடுத்திருக்காகளே கற்பகவல்லி, அவ அண்ணனையா கேக்கீக?" ஆமாம் என்று சொன்ன பிறகுதான் வழி சொல்வார்கள். இப்போது கற்பகவல்லி பேரை யாரும் இழுப்பதில்லை. "கம்ப்யூட்டர்க்காரரா? தண்ணித் தொட்டிக்குப் பின்னால போங்க. கதவு சாத்தியே கெடக்கும், அந்த வீடுதான்" என்கிறார்கள்.

தங்கச்சியைச் சொல்லி அறிந்த மனிதரைச் சாத்திய கதவைச் சொல்லி அறியும்படி ஆனதற்கு ஒரே ஒரு வார்த்தை காரணம். அந்த வார்த்தைக்கு வருவதற்கு முன்னால் குடும்பத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

வெம்பக்கோட்டைக் கருப்பணன், மணிமுத்துவின் அம்மாவுக்குப் பெரியம்மா மகன். கூடப் பிறக்கவில்லையே தவிர, முறைக்குத் தாய்மாமன். மணிமுத்துவின் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் கருப்பணன்தான் வந்து முன்னால் நின்றார். மணிமுத்துவுக்குக் காது குத்தியது அவர் மடியில். கற்பகவல்லி பெரியவளானபோது பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்டியது அவர். கடைசியில், "பிள்ளைய வெளியில தேடிக் குடுக்க வேண்டாம் தங்கச்சி" என்று தன் இளைய மகன் பாண்டிமுருகனுக்கே அவளைக் கட்டிவைத்தவரும் அவர்தான்.

கற்பகவல்லிக்கு ஒரே பெண், பாண்டிமீனா. மணிமுத்துவுக்கும் அவர் மனைவி குருவம்மாளுக்கும் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் பாண்டிமீனா ஆமத்தூரில்தான் கிடப்பாள். மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் தன் பேரைப் பெரிசாகவும் சிறிசாகவும் அடித்து அடித்துப் பார்ப்பாள். அத்தை சோறு பிசைந்து கொண்டுவந்து வாயில் வைப்பாள். அந்த வீட்டில் பிள்ளைச் சத்தம் என்றால் அது ஒன்றுதான்.

மணிமுத்து பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுச் சிவகாசியில் ரத்தினசாமி முதலாளி அச்சகத்தில் சேர்ந்தவர். ஆடியில் புது வருஷக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டால் மார்கழி வரை காலண்டர் வேலை. தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை. பத்திரிகை வேலை எந்த அச்சகத்திலும் ஒரே மாதிரிதான் நடக்கும். புது ஆர்டர் வந்தால் யாரும் முதலில் இருந்து அடிக்க மாட்டார்கள். போன முகூர்த்தத்துக்கு அடித்த ஏதோ ஒரு வீட்டுப் பத்திரிகையைத் திறப்பார்கள். அந்த வீட்டுப் பேர்களை அழித்துவிட்டு இந்த வீட்டுப் பேர்களை அடிப்பார்கள். பூவும் பார்டரும் பிள்ளையார் படமும் அப்படியே இருக்கும். பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த வார்த்தை அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

பாண்டிமுருகன் வெம்பக்கோட்டையில் புது வீடு கட்டி முடித்தார். பால் காய்ச்சுக்குப் பத்திரிகை அடிக்கும் பொறுப்பு மச்சான் மணிமுத்துவுக்கு. சீசன் நேரம். மணிமுத்து அவசரத்தில் சாத்தூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் பழைய பத்திரிகையைத் திறந்தார். அந்த வீட்டுப் பெரியவர் இறந்துபோனவர். அவர் பேருக்கு மேலே, பொடி எழுத்தில், தனி வரியாக 'காலஞ்சென்ற' என்று இருந்தது. மணிமுத்து பேரை அழித்துவிட்டுக் கருப்பணன் என்று அடித்தார். மேலே இருந்த பொடி வரி கண்ணில் படவில்லை. சரி பார்க்கச் சொல்லி பாண்டிமுருகனுக்குப் போனில் அனுப்பினார். அவர் முருகன் படத்தைப் பார்த்தார், கலரைப் பார்த்தார், "அருமையா இருக்கு மச்சான், அடிச்சுருங்க" என்றார்.

பாதி ஊருக்குக் கொடுத்த பிறகு யாரோ ஒருவர் வாய்விட்டு வாசித்திருக்கிறார். கருப்பணன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது அவர்தான். "அச்சுலயே வந்துருச்சா. இனிமே எவன் கடனுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்ல" என்றார். மகன்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மணிமுத்து மறுபடி அடித்துத் தருகிறேன் என்று ஓடினார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பால் காய்ச்சுக்குப் போனார். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. பந்தியில் அவர் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. அந்த மாதம் முடியும் முன்னால் கருப்பணன் படுத்தார், எழுந்திருக்கவில்லை. எண்பதைத் தாண்டியவர், வருஷம் முழுக்க நெஞ்சுச் சளியோடு இழுத்துக்கொண்டிருந்தவர். ஆனாலும் கேதத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பத்திரிகையைப் பற்றித்தான் பேசினார்கள்.

மயானத்தில் எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் பாண்டிமுருகன் மணிமுத்துவைத் தெருவிலேயே நிறுத்தினார். "மச்சான், எங்க அய்யாவ உசுரோட இருக்கையிலயே அனுப்பி வச்சுட்டீக. இனி எங்க வீட்டு நல்லதுக்கும் வர வேண்டாம், கெட்டதுக்கும் வர வேண்டாம்."

மணிமுத்து வீட்டு வாசலைப் பார்த்தார். கற்பகவல்லி கதவுக்குப் பின்னால் நின்றாள். சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

அதற்கு இரண்டு மழைக்காலம் கழித்துக் குருவம்மாள் போனாள். சூலக்கரைக்காரி, வாய் ஓயாமல் பேசுகிறவள். கடைசி ஒரு மாதம் பேச்சே இல்லாமல் கிடந்து போனாள். கற்பகவல்லி மட்டும் பஸ் ஏறி வந்தாள். ஊர்ப் பெண்களோடு பெண்ணாக ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. பாண்டிமீனாவை அனுப்பவில்லை.

அதன் பிறகு மணிமுத்து சிவகாசிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். முதலாளியிடம் கண் சரியில்லை என்று சொன்னார். வீட்டிலேயே கம்ப்யூட்டரை வைத்து வேலை செய்து அனுப்புவார். ஒரு வேளை பொங்கி இரண்டு வேளை சாப்பிடுவார். தூரத்தில் பட்டாசு ஆலைக்காரர்கள் சரக்கை வெடித்துப் பார்க்கும் சத்தம் காற்று வாக்கில் வரும். அதைத் தவிர, பகலில் அந்த வீட்டில் காதில் விழுவது விசைப்பலகைச் சத்தம்தான்.

அந்த வேலையும் ஓடவில்லை. பழைய பத்திரிகை எதைத் திறந்தாலும் கை நின்றுவிடும். மேலிருந்து கீழ் வரை வாசிப்பார், கீழிருந்து மேலே வாசிப்பார், அனுப்பிவிட்டு மறுபடி வாசிப்பார். "ஒரு பத்திரிகைக்கு ஒரு வாரமா மணிமுத்து?" என்று முதலாளி போனில் கேட்டார். ஒருநாள் அவருக்கே ஒன்று தோன்றியது. நாம் ஒரு வீட்டுக் கல்யாணத்தின் மேல் இன்னொரு வீட்டுக் கல்யாணத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். அடியில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்காமல் இருப்பார்களா?

அச்சகத்தில் அப்போது ஒரு இலவச மென்பொருளுக்கு மாறியிருந்தார்கள். உலகம் பூராவும் பல பேர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல் கட்டிக்கொண்டிருக்கிற பொது வீடு மாதிரி அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், தனக்குத் தெரிந்ததைச் செய்து சேர்க்கலாம். அதற்கு வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயர். மணிமுத்து அதைப் 'பக்கம்' என்றே சொல்வார். அதில் 'புதியது' என்று அழுத்தினால், வேலை தொடங்குவதற்கென்று ஆயத்தமாகச் சில டெம்ப்ளேட்டுகள் வரும். பிறந்தநாளுக்கு ஒன்று, கடைத் திறப்புக்கு ஒன்று, கல்யாணத்துக்கும் ஒன்று இருந்தது. அந்தக் கல்யாணத்தில் ஒரு ஆண் பேர், ஒரு பெண் பேர், தேதி, இடம் அவ்வளவுதான். தாத்தா இல்லை, பெரியப்பா இல்லை, அத்தை இல்லை. அநாதைப் பிள்ளைகள் இரண்டு பேர் கட்டிக்கொள்கிற மாதிரி.

நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்று செய்து அதில் சேர்க்க வேண்டும் என்று மணிமுத்து உட்கார்ந்தார்.

அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. அங்கே இருந்த டெம்ப்ளேட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். தப்பாகும், அழிப்பார், மறுபடி செய்வார். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து போகிற ஒரே மனிதர் ஒச்சப்பன். குருவம்மாளுக்குப் பெரியப்பா மகன். மணிமுத்துவுக்கு மச்சான் முறை. சிவகாசி அச்சகங்களில் இருந்து பார்சல் ஆபீசுக்கு லோடு அடிக்கிற வண்டி வைத்திருக்கிறார்.

"என்ன மாப்ள, திரையில கல்யாணக் களையா இருக்கு. யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்ல."

"பின்ன யாருக்குப் பத்திரிகை?"

"யாருக்கு வேணும்னாலும்."

"கூலி யாரு குடுப்பா?"

"கூலி கெடையாது மச்சான்."

ஒச்சப்பன் வெற்றிலையை வாயின் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "மாப்பிள்ளையும் இல்ல, பொண்ணும் இல்ல, கூலியும் இல்ல. பத்திரிகை மட்டும் இருக்கு. நல்ல சீசன்தான் ஒமக்கு."

மணிமுத்து செய்த டெம்ப்ளேட்டில் இரண்டு வீட்டு உறவுக்கும் முறைப்படி இடம் இருந்தது. தாத்தா பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வரியில் புருஷன் பேருக்கு ஒரு இடம், பெண்டாட்டி பேருக்கு ஒரு இடம். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடித்தால்தான் அந்தப் பேரின் மேல் 'காலஞ்சென்ற' என்று பொடி எழுத்தில் வரும். அடிக்காவிட்டால் எந்த வழியிலும் வராது. அதோடு விடவில்லை. அச்சுக்கு அனுப்பும் முன் டிக் அடித்த பேர்களை மட்டும் பெரிசாகக் காட்டி, "இவர்கள் காலமானவர்கள் என்று அச்சாகும். சரிதானா?" என்று கேட்கும். சரி என்று அழுத்தினால்தான் அடுத்த வேலை நடக்கும்.

எந்த டெம்ப்ளேட்டும் வெறுமனே இருக்க முடியாது. எப்படி வரும் என்று காட்ட மாதிரிப் பேர்கள் வேண்டும். மாப்பிள்ளைக்கு விக்னேஷ்வரன், தாத்தாவுக்கு அய்யாதுரை என்று வாய்க்கு வந்த பேர்களை எல்லாம் போட்டார். தாய்மாமன் வரிக்கு வந்ததும் கை தானாக 'ஆமத்தூர் மணிமுத்து' என்று அடித்தது. பக்கத்தில் பெண்டாட்டி பேருக்கான இடம். அதில் குருவம்மாள் என்று அடித்தால் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அவரால் முடியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

சேர்க்கச் சொல்லி அனுப்பினார். அங்கே வருவதை எல்லாம் சரி பார்த்துச் சேர்க்கிறவர்களில் ஒருத்தி ஸ்ரீமதி. விருதுநகரில் எண்ணெய்க்கடை வீட்டுப் பெண், இப்போது எங்கோ குளிர் நாட்டில் வேலை. தமிழிலேயே எழுதினாள்.

"அண்ணாச்சி, நல்லா வந்திருக்கு. ரெண்டு மூணு சந்தேகம். அச்சுக்கு முன்னால அந்தக் கேள்வி எதுக்கு? கூட வேலை பாக்கிற வெளிநாட்டுக்காரங்க பயமுறுத்துற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க."

மணிமுத்து பதில் எழுதினார்: "உயிரோட இருந்த ஒருத்தர் பேருக்கு மேல அந்த வார்த்தை அச்சாச்சு. அச்சடிச்சவன் நான்."

கேள்வி இருக்கட்டும் என்று அவள் எழுதினாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

"அடுத்தது, மாதிரியில நிஜ ஆள் பேர் இருக்கக் கூடாது. ஆமத்தூர் மணிமுத்துங்கிறது நீங்கதானே?"

"நான்தான். நானே சம்மதிச்சுப் போட்டது. எனக்கு ஆட்சேபணை இல்ல."

"சரி அண்ணாச்சி. கடைசியா ஒண்ணு. தாய்மாமன் வரியை நிரப்பாம முடிக்க முடியல. ஏன் கட்டாயமா வச்சிருக்கீங்க?"

"தாய்மாமன் பேர் இல்லாம நம்ம பக்கம் பத்திரிகை உண்டா அம்மா?"

இதற்கு மட்டும் பதில் வரத் தாமதமாயிற்று. மணிமுத்து காலையில் எழுந்ததும் பார்ப்பார், டீ குடித்துவிட்டுப் பார்ப்பார். ஒருநாள் வந்தது. "எங்க அம்மா ஒத்தப் பிள்ளை அண்ணாச்சி. எனக்குத் தாய்மாமனே கெடையாது. என் கல்யாணத்துக்கு இதை எடுத்தா நான் அந்த இடத்துல என்ன எழுதட்டும்?"

மணிமுத்துவுக்கு அவள் சொல்வது புரிந்தது. புரிந்த பிறகும் ஒரு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பாண்டிமீனாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் ஒச்சப்பன் சொல்லியிருந்தார். என்றைக்காவது அவள் பத்திரிகையை யாராவது அடிப்பார்கள். எந்த அச்சகமாக இருந்தாலும், யார் அடித்தாலும், அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்றுதான் அவர் அதைக் கட்டாயமாக வைத்திருந்தார். ஆனால் மாமனே இல்லாத பிள்ளைகளை நிறுத்தி வைத்து அழ வைக்க அவருக்கு மனசில்லை.

திருத்திக் கொடுத்தார். தாய்மாமன் வரியைக் காலியாக விட்டால் அது மறைந்துவிடும். கீழே இருக்கிற வரிகள் மேலே ஏறி, இடைவெளி தெரியாமல் மூடிக்கொள்ளும். அங்கே ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அவ்வளவு சுத்தமாகச் செய்தார்.

டெம்ப்ளேட்டைச் சேர்த்துக்கொண்டதாகச் செய்தி வந்த காலையில் அவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஒச்சப்பன் போன் அணைத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார்.

"இன்னைக்குச் சேத்துட்டாக" என்றார் மணிமுத்து.

"எத சார், மானியத்தையா?"

"இல்ல. ஒண்ணுமில்ல. அங்கன ஓரமா வையுங்க."

அதற்குப் பிறகு டெம்ப்ளேட்டைச் செய்தவருக்கென்று முன்பின் தெரியாத ஊர்களில் இருந்து எல்லாம் மின்னஞ்சல் வந்தது. கரூரில் இருந்து, பினாங்கில் இருந்து, கத்தாரில் வேலை பார்க்கிற ஒரு பையனிடம் இருந்து. பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பி, கட்டாயம் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். மணிமுத்து ஒவ்வொன்றையும் திறந்து முதலில் தாய்மாமன் வரியைப் பார்ப்பார். முகம் தெரியாத மாமன்மார் பேர்களை வாசிப்பார். வாழ்த்துகள் என்று எழுதி அனுப்புவார். அந்த வருஷம் அவருக்கு வந்த அளவு கல்யாண அழைப்பு ஆமத்தூரில் வேறு யாருக்கும் வந்திருக்காது. ஒரு கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு சங்கடம். தேனிப் பக்கத்தில் ஒரு வீட்டில் அந்த வரியை மாற்ற மறந்து அப்படியே அடித்துவிட்டார்கள். யாரென்றே தெரியாத பெண்ணுக்கு ஆமத்தூர் மணிமுத்து தாய்மாமனாகிப் போனார். நிஜ மாமன் கோபித்துக்கொண்டு சீர் தட்டைத் தூக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம்.

ஸ்ரீமதி எழுதினாள்: "மிச்சப் பேர் வரக் கூடாதுன்னுதானே அண்ணாச்சி இதைச் செஞ்சீங்க. உங்க பேரே மிச்சப் பேரா நிக்குது. எடுத்துடலாமா?"

நியாயம்தான். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அதற்கு முந்தின நாள்தான் ஒச்சப்பன் வந்து ஒரு சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாண்டிமீனாவுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். அவள் சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்க்கிறாள். "அங்கனயும் ஒம்ம டெம்ப்ளேட்டுலதான் அடிக்காகளாம் மாப்ள. அந்தப் பிள்ளையே தன் பத்திரிகையத் தானே அடிக்கப் போகுதாம்."

ஆக, அவள் 'புதியது' என்று அழுத்துவாள். திரையில் தாய்மாமன் வரியில் அவர் பேர் நிற்கும். அவள் அதை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் விட வேண்டும். எப்படியானாலும் ஒருமுறை பார்ப்பாள்.

"ஆவணி முகூர்த்தம் முடியட்டும் அம்மா, எடுத்துருதேன்" என்று மணிமுத்து எழுதினார். காரணம் சொல்லவில்லை. தான் செய்வது தப்பு என்று அவருக்குத் தெரியும்.

ஆவணி பிறந்தது. வழக்கப்படி முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் தாம்பூலத் தட்டோடு வீடு தேடி வந்து கொடுக்க வேண்டும். மணிமுத்து வீட்டைக் கூட்டிவைத்தார். இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கலர் பாட்டில் வாங்கிக் குளிர வைத்தார். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். வண்டி தண்ணித் தொட்டியைத் தாண்டிப் போகும். மேலத்தெருவில் பங்காளி வீடுகளுக்குப் பத்திரிகை வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். அன்றைக்குக் கலர் பாட்டிலை எடுத்துப் பால்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் முற்பகலில் ஒச்சப்பன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வேகமாக உள்ளே வந்தார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"மாப்ள, சாப்பிட்டீகளா? சாப்பிடாட்டாலும் பரவாயில்ல. இதப் பாருங்க. எனக்கு வந்த பத்திரிகை. ஒம்ம பேரு இருக்கு."

மணிமுத்து கையை நீட்டவில்லை. "ஆமத்தூர் மணிமுத்துன்னு இருக்கா?"

"ஆமா. தாய்மாமன்னு போட்டு அம்புட்டுப் பெரிசா இருக்கு."

"அது நான் வச்ச பேரு மச்சான். மாதிரிக்கு வச்சது. எடுக்க மறந்துருப்பாக. தேனியில இப்படித்தான் ஆச்சு."

"ஒம்மப் பெத்த ஆத்தாளே எந்திரிச்சு வந்து ஒம்ம பேரு ஒம்ம பேருதான்னு சொன்னாலும் நம்ப மாட்டீக போல."

"நம்புற மாதிரி இருந்தா தட்டோட வந்துருப்பாகல்ல?"

ஒச்சப்பன் பத்திரிகையை விசைப்பலகை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனார்.

அது அங்கேயே கிடந்தது. மணிமுத்து கொஞ்ச நேரம் பார்க்காமல் இருந்தார். பிறகு தொழில் பழக்கம், எடுத்து அச்சைப் பார்த்தார். மாப்பிள்ளை பேர் சரி. தாத்தா வரியில் கருப்பணன். மேலே பொடி எழுத்தில் காலஞ்சென்ற. இந்தத் தடவை அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கண் கீழே இறங்கியது. தாய்மாமன். ஆமத்தூர் மணிமுத்து. அவர் வைத்தபடியே, அவர் வைத்த எழுத்திலேயே.

பக்கத்தில் இன்னொரு பேர் இருந்தது.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். குருவம்மாள் என்று இருந்தது. அந்தப் பேரின் மேல் பொடி எழுத்தில் காலஞ்சென்ற என்று இருந்தது.

மணிமுத்து மாதிரியில் அந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தார். அது தானாக நிரம்பாது. யாரோ உட்கார்ந்து குருவம்மாள் என்று அடித்திருக்கிறார்கள். அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள். அச்சுக்கு அனுப்பும்போது அது கேட்டிருக்கும். கருப்பணன், குருவம்மாள் என்று இரண்டு பேரையும் பெரிசாகக் காட்டி, இவர்கள் காலமானவர்கள் என்று அச்சாகும், சரிதானா என்று கேட்டிருக்கும். சோறு பிசைந்து ஊட்டிய அத்தை பேரைத் திரையில் பார்த்துக்கொண்டு பாண்டிமீனா சரி என்று அழுத்தியிருக்கிறாள். அவள் ஆத்தா பக்கத்தில் இருந்தாளோ, வீட்டில் இருந்து சொல்லி அனுப்பினாளோ. அந்தக் கேள்வியில் மாமன் பேர் இல்லை. மாமன் உயிரோடு இருக்கிறார் என்று அந்த வீட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒச்சப்பன் சொம்போடு வந்து பார்த்தபோது மணிமுத்து பத்திரிகையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி இருந்தார்.

"என்ன மாப்ள?"

"ஒம்ம தங்கச்சி பேரு போட்டுருக்காக."

ஒச்சப்பன் வாங்கிப் பார்த்தார். அவர் கண்ணுக்குப் பொடி எழுத்துத் தெரியாது. பெரிய எழுத்தை மட்டும் விரலால் தொட்டார். "குருவம்மா" என்றார். பிறகு சொம்பைக் கீழே வைத்தார்.



"இருந்தாலும் பாண்டிமுருகன் தட்டோட வந்து கூப்பிடலையே. கூப்பிடாம எப்படிப் போவீக?"

"கூப்பிட்டாச்சு மச்சான்."

மணிமுத்து கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். டெம்ப்ளேட்டைத் திறந்து, தாய்மாமன் வரியில் இருந்த தன் பேரை எடுத்தார். அந்த இடத்தில் பேர் எழுதவும் என்று மட்டும் போட்டார். "எடுத்துட்டேன் அம்மா. தாமதத்துக்கு மன்னிக்கணும்" என்று ஸ்ரீமதிக்கு எழுதி அனுப்பிவிட்டு எழுந்தார்.

"ஒம்ம வீட்டுக்காரி, தங்கச்சி ராக்காயியைக் கூட்டிக்கிட்டு வாங்க. சீர் தட்டுப் பிடிக்கப் பொம்பளை ஆளு வேணும். தாய்மாமன் மாலைக்கு இன்னைக்கே சொல்லிரணும்."

"எம்புட்டுத் தட்டு வைக்கப் போறீக?"

"குருவம்மா இருந்தா எம்புட்டு வச்சிருப்பா?"

"அவளா? அவ வச்சா பஸ்ஸு கொள்ளாது."

"அப்ப லோடு வண்டியவே எடுத்துட்டு வாங்க."

ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். வண்டிச் சத்தம் தண்ணித் தொட்டி வரைக்கும் கேட்டது. அப்புறம் வழக்கம்போல் வீட்டில் சத்தம் எதுவும் இல்லை. மணிமுத்து இரண்டு நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குருவம்மாள் பேரின் மேல் இருந்த அந்தப் பொடி எழுத்தை மறுபடி ஒருமுறை வாசித்தார். அச்சு நன்றாக விழுந்திருந்தது.